ஹாஸ்டலா, பிஜியா, ரூமா: காலை டிஃபனைச் சேர்த்துக் கணக்கு போடுங்க

இந்த வாரம் கோடிங் எதுவும் இல்ல, நேரா ஒரு எக்செல் ஷீட். என் சித்தி பையனுக்கு குரோம்பேட்டை பக்கம் ஒரு காலேஜ்ல இன்ஜினியரிங் சீட் கிடைச்சிருக்கு. சித்தி தென்காசியிலிருந்து போன் பண்ணி, "எங்க தங்கினா செலவு கம்மியாகும், நீயே பாத்துச் சொல்லுப்பா"ன்னு கேட்டாங்க. அதுக்குள்ள அவனே ஒரு ஷீட் போட்டு எனக்கு அனுப்பிட்டான்.

அவன் விசாரிச்ச தொகைகள் இது. காலேஜ் ஹாஸ்டல்ல ரூமுக்கு வருஷம் 35,000. மெஸ் மாசம் 4,200 வீதம் பத்து மாசத்துக்கு 42,000. ஆக 77,000. பிஜியில நாலு பேர் ரூம், சாப்பாட்டோட மாசம் 7,500. லீவுல ஊருக்குப் போனாலும் கட்டிலைப் பிடிச்சு வைக்கணும்னா 12 மாசமும் கட்டணும், அப்போ 90,000. மூணாவது, அஞ்சு பேர் சேர்ந்து 16,000 வாடகைக்கு ஒரு வீடு. தலைக்கு 3,200. கரண்ட், கேஸ், தண்ணி கேன், வைஃபை எல்லாம் சேர்த்து 600. வருஷத்துக்கு 45,600. சாப்பாடு மாசம் 3,000, பத்து மாசத்துக்கு 30,000. மொத்தம் 75,600. "பாருங்கண்ணா, ரூம்தான் சீப்"னு கீழ பச்சைக் கலர் வேற அடிச்சு வெச்சிருந்தான்.

எனக்கு அந்த 3,000-தான் இடிச்சுது. ஒரு நாளைக்கு 100 ரூபா. சென்னையில இன்னைக்கு மதியம் ஒரு மீல்ஸ் சாப்பிட்டாலே அது கிட்டத்தட்ட முடிஞ்சிரும். எப்படிடா வந்துச்சுன்னு கேட்டேன். "காலையில நான் சாப்பிட மாட்டேண்ணா. நைட்டு ரெண்டு பரோட்டா போதும்."

அதாவது வீட்டு வாசலைத் தாண்டுறதுக்கு முன்னாடியே அவன் ஒரு வேளைச் சாப்பாட்டை வெட்டிட்டான். மூணு வேளையும் சுமாரா வெளியே சாப்பிட்டா நாளைக்கு 200 ரூபாயாவது ஆகும். மாசம் 6,000. அதைப் போட்டா அந்தப் பச்சைக் கலர் 1,05,600 ஆயிடுது. மூணுலயும் அதுதான் காஸ்ட்லி!

சமைச்சா குறையும்தான். நாங்க நாலு பேர் கடைசி வருஷம் சைதாப்பேட்டையில ரூம் எடுத்து இருந்தோம். முதல் ரெண்டு வாரம் சாம்பார், பொரியல் எல்லாம் உண்டு. மூணாவது வாரம் பாத்திரம் கழுவுறது யாருன்னு சண்டை வந்துச்சு, அப்புறம் குக்கர் பரண்ல ஏறிடுச்சு.

எங்க ரூம்ல ஒருத்தனுக்கு வீட்டிலிருந்து பணம் லேட்டாதான் வரும். வாடகையை மட்டும் அஞ்சாம் தேதிக்குள்ள சரியா வெச்சிருவான். இருபதாம் தேதிக்கு மேல காலையில அம்மா உணவகத்துல இட்லி, ஒண்ணு 1 ரூபா. ராத்திரி கேட்டா "சாப்பிட்டு வந்துட்டேன் மச்சி"ன்னு சொல்லிட்டு சீக்கிரம் படுத்துருவான். வாடகையில ஓனர் குறைக்க மாட்டார், கரண்ட் பில் நிக்காது. கையில காசு இல்லாதப்போ குறைக்க முடியறது சாப்பாடு ஒண்ணுதான். ஹாஸ்டல்ல காசு முன்னாடியே போயிடுது, அதனால மாசக் கடைசியிலயும் தட்டுல ஏதாவது விழும்.

அதுக்காக ஹாஸ்டல் மெஸ்ஸைப் புகழ வரல. அந்த உப்புமாவை எல்லாம் மன்னிக்கவே முடியாது. டிவைடிங் சிஸ்டம் இருக்கிற மெஸ்னா பில் எப்படி வருதுன்னு தெரிஞ்சுக்கங்க. மாசத்து மொத்தச் செலவை, எல்லாரும் இருந்த மொத்த நாட்களால வகுப்பாங்க. பாதிப் பேர் ஊருக்குப் போனாலும் சமையல்காரங்க சம்பளம் குறையாது, அதனால இருக்கிறவங்க பங்கு கொஞ்சம் ஏறும். லீவுக்குக் கழிவு வேணும்னா முன்கூட்டி எழுதிக் கொடுக்கணும், தொடர்ந்து இத்தனை நாள்னு ரூலும் இருக்கும். சனி ஞாயிறு ஊருக்குப் போறது பெரும்பாலும் அதுல வராது. மாசம் 90 வேளைன்னா 4,200-க்கு ஒரு வேளை 47 ரூபா. நீங்க முப்பது வேளை போகலன்னா 70.

பிஜி பக்கம் போறவங்களுக்கு ஒரு விஷயம். காலேஜுக்கு வெளியே தங்குற விடுதிக் கட்டணம் ஒரு ஆளுக்கு மாசம் 20,000-க்குள்ள இருந்து, தொடர்ந்து 90 நாள் தங்கினா ஜிஎஸ்டி கிடையாதுன்னு 2024 ஜூன்ல நடந்த 53-வது ஜிஎஸ்டி கவுன்சில்ல முடிவு பண்ணாங்க. பில்லுல வரி சேர்த்திருந்தா கேளுங்க.

ரூம்ல இன்னொரு செலவு அட்வான்ஸ். 2017-ல வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலன்னா மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. அந்த 'எழுதலன்னா'ங்கிற இடத்துலதான் சென்னை ஓனர்கள் குடியிருக்காங்க. இவங்ககிட்ட கேட்டது அஞ்சு மாசம், 80,000. தலைக்கு 16,000. சித்தி அதுக்குக் கம்மலை அடகு வைக்க ரெடியா இருந்தாங்க. அந்த வட்டிக்குப் பையன் ஷீட்ல காலமே இல்ல. காலி பண்றப்போ பெயிண்டிங்னு ஓனர் பிடிக்கிறதுக்கும் இல்ல.

அரசு விடுதியும் இருக்கு, சாப்பாடு இலவசம். வருமான வரம்பு உண்டு, காலேஜிலிருந்து எவ்வளவு தூரம்னு பாக்கணும். பையன் அரசுப் பள்ளியில படிச்சதால தமிழ்ப் புதல்வன்ல மாசம் 1,000 வரும். வெளியே சாப்பிட்டா அது அஞ்சு நாள் சாப்பாடு.

இப்போதைக்கு ஹாஸ்டல்ல சேர்ந்துட்டான். ரெண்டாம் வருஷம் ரூம்தான்னு இப்பவே மிரட்டுறான். காலை டிஃபனைச் சேர்த்து ஷீட்டைத் திருப்பி அனுப்புடான்னு சொல்லியிருக்கேன், இன்னும் வரல. உங்க மெஸ் பில் எவ்வளவுன்னு எழுதுங்க. கோயம்புத்தூர், திருச்சிக் கணக்கு வந்தா அடுத்த எபிசோடுல படிக்கிறேன்.