முற்றத்து மழைத்தண்ணீர்

மழை விட்டு இரண்டு நாளாகியும் வீட்டைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறதா? ஆள் வைத்துச் சரிசெய்வதற்கு முன் ஒரு தகவல்.

"ரெண்டு லோடு மண்ணடிச்சு டைல்ஸ் பதிச்சிடலாம் சார்" என்பார் வருகிற காண்டிராக்டர். தண்ணீர் எங்கே போகும்? பக்கத்து வீட்டுக்கு, அப்புறம் சண்டைக்கு! சுவரிலிருந்து வெளிப்பக்கமாகப் பத்தடிக்கு இரண்டரை அங்குலமாவது சரிவு வேண்டும். லெவல் டியூப் பிடித்துப் பார்க்காமல் விலை சொல்கிறவருக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தமிழகத்தில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அன்று தோண்டிய குழியை அப்புறம் யார் திறந்து பார்த்தோம்? அது தூர்ந்திருந்தால், முற்றத்தில் நிற்பது மொட்டை மாடித் தண்ணீராகவே இருக்கலாம். தூர் வாரி, ஜல்லியைக் கழுவிப் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

களிமண் பூமியா? வெறும் குழி போதாது. குழிக்குள் துளையிட்டு, அடியிலுள்ள மணல் வரை குழாய் இறக்க வேண்டும்.

"பாதாளச் சாக்கடையில் சேர்த்துவிடலாம்" என்றால் மட்டும் தலையாட்டாதீர்கள். அடைமழையில் அது கழிவறை வழியாகத் திரும்பி வரும். கடைசித் தவணையை, ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்த பிறகு கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள்.