கடல்கடந்த பேச்சும் கைக்கேற்ற செலவும்

ஒரு காலத்திலே கடல்கடந்த நாட்டில் வாழும் உறவினரோடு தொலைபேசியிற் பேசுவதென்பது செல்வர்க்கு மாத்திரமே இயன்ற காரியமாயிருந்தது. அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியிலே முதலாவது தொலைபேசி வடம் 1956ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதத்திலே திறக்கப்பட்டபோது, நாற்பதுக்கும் குறைவான உரையாடல்களே அதன்வழி ஒரே வேளையில் நிகழக்கூடியனவாயிருந்தன. இன்று கொழும்பிலும் மாத்தறையிலும் கரையேறும் ஒளியிழை வடங்கள் உலகத்தையே நம் வீட்டு வாயிலுக்குக் கொணர்ந்துவிட்டன. எனினும், எந்த இணையத் தொலைபேசிச் சேவையைத் தெரிந்தெடுத்தாற் செலவு குறையும் என்ற கேள்விக்கு விடை காண்பது எளிதாயில்லை. அதனையே இன்று ஆராய்வோம்.

முதலில் இத்தொலைபேசி இயங்கும் விதத்தை அறிதல் வேண்டும். நாம் பேசும் குரல் இலக்கங்களாக மாற்றப்பட்டு, மிகச் சிறிய பொதிகளாகப் பிரிக்கப்பட்டு, மின்னஞ்சலும் படங்களும் செல்லும் அதே இணையப் பாதையிலே செல்கின்றது. அப்பாதையிலே தூரத்துக்கென்று தனிக் கட்டணம் கிடையாது. அங்ஙனமாயின் கட்டணம் எங்கே பிறக்கின்றது? மறுமுனையிலுள்ளவர் சாதாரணத் தொலைபேசியை வைத்திருப்பாராயின், அப்பொதிகள் அந்நாட்டுத் தொலைபேசி வலையமைப்பிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். அவ்வலையமைப்பு அதற்கெனக் கூலி வாங்குகின்றது. ஆகவே, நமது செலவைத் தீர்மானிப்பது நம் கையிலுள்ள கருவியன்று. கேட்பவர் கையிலுள்ள கருவியும், அவர் வாழும் நாடுமே.

இதனாலே நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, யாரை அழைக்கப்போகின்றோம் என்பதாகும்.

மறுமுனையிலும் திறன்பேசியும் இணையமும் இருப்பின், வாட்ஸ்அப், வைபர் முதலிய செயலிகளின் வழியே அழைப்புக்கட்டணம் இன்றியே பேசலாம். ஆயினும் இதனை முற்றாக இலவசம் என்று கூறுதல் பொருந்தாது. செக்கனுக்கு 64 கிலோபிற் வேகத்திற் குரலை அனுப்பும் பழைய முறையிலே, இரு திசைகளையும் சேர்த்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மெகாபைற் தரவு செலவாகும். புதிய முறைகள் இதனிலும் குறைவாகக் கொள்ளும். முகம் பார்த்துப் பேசுவதோ பன்மடங்கு கொள்ளும். இலண்டனிலுள்ள மகனுக்கு அது ஒரு பொருட்டன்று. ஊரிலே சிறு தொகைக்குத் தரவு வாங்கும் தாயாருக்கோ, ஒரு மணி நேர ஒளிப்படப் பேச்சு அவருடைய அந்த வாரத் தரவையே தீர்த்துவிடக்கூடும். அவர் அதனை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். ஆதலால், குரலோடு மாத்திரம் பேசுவதும், அவருக்குரிய தரவை மகனே நிரப்பிவிடுவதும் நலம்.

நாட்டின் விதிகளையும் நோக்குதல் வேண்டும். சவூதி அரேபியா இணையவழி அழைப்புகளுக்கிருந்த தடையை 2017ஆம் ஆண்டு செப்தெம்பரிலே நீக்கியது. ஐக்கிய அரபு இராச்சியத்திலோ உரிமம் பெற்ற செயலிகளுக்கு மாத்திரமே இடமளிக்கும் கட்டுப்பாடு நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. வளைகுடாவுக்குத் தொழிலுக்குச் செல்வோர், எச்செயலியிற் பேசுவதென்பதைப் புறப்படுமுன்னரே வீட்டாரோடு தீர்மானித்துக்கொள்ளல் நன்று.

இனி, மறுமுனையிலே பொத்தானை அழுத்தும் பழைய கைத்தொலைபேசியோ வீட்டுத் தொலைபேசியோ இருப்பின், கட்டணச் சேவையையே நாட வேண்டும். இங்கே விளம்பரத்திற் பெரிதாய்த் தோன்றும் நிமிடக் கட்டணத்தை மாத்திரம் பார்த்து முடிவுசெய்தல் ஆகாது. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு சேவை நிமிடத்துக்குப் 10 சதம் அறவிடுகின்றது. ஆனால் நிமிடம் முடியாவிடினும் முழு நிமிடமாகவே கணக்கிடுகின்றது. மற்றொன்று நிமிடத்துக்கு 12 சதம் அறவிடினும் செக்கன் கணக்கிலே எண்ணுகின்றது. ஒரு நிமிடமும் 5 செக்கனும் பேசினால், முன்னையதற்கு 20 சதம். பின்னையதற்கு 13 சதமே. அவ்வாறே, மாதமொன்றுக்கு 6 டொலர் கட்டி வேண்டியமட்டும் பேசும் திட்டம், நிமிடத்துக்கு 12 சதம் கொடுப்பதனோடு ஒப்பிடுமிடத்து, மாதத்தில் 50 நிமிடத்துக்கு மேற் பேசுவோர்க்கே இலாபமாகும்.

இணைப்புக்கெனத் தனிக் கட்டணம் உண்டா, முற்பணம் எத்தனை மாதத்திற் காலாவதியாகும், கைத்தொலைபேசிக்கும் வீட்டுத் தொலைபேசிக்கும் கட்டணம் வேறுபடுமா என்பவற்றையும் கேட்டறிதல் வேண்டும். இன்னுமொன்று: இத்தகைய சேவைகளிலே கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் எண்களை அழைக்கும் கட்டணம் பொதுவாக மிகக் குறைவு, இலங்கை எண்களை அழைக்கும் கட்டணம் அதனினும் பன்மடங்கு. ஆகையால், இணைய வசதியுள்ள வீடாயின், அங்குள்ளவர் இங்கே அழைப்பதிலும் இங்குள்ளவர் அங்கே அழைப்பது சிக்கனமாதலும் உண்டு.

பெருந்தொகையை முற்பணமாகக் கட்டிவைத்தலும் ஏற்றதன்று. 2003ஆம் ஆண்டிலே தொடங்கி உலகெங்கும் புகழ்பெற்ற ஸ்கைப் சேவை, 2025ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் திகதி நிறுத்தப்பட்டது. பல்லாண்டு பழகியோரும் வேறு வழி தேட நேர்ந்தது. சிறு தொகை கட்டி, நீர் வழக்கமாகப் பேசும் வேளையிலேயே இரண்டு மூன்று முறை பேசிப் பாரும். குரல் ஒரு திசையிற் சென்று சேர 150 மில்லிசெக்கனுக்குட்பட்ட தாமதமே நல்லதென்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டல். இருவரும் ஒருங்கே பேசத் தொடங்கி, ஒருங்கே நிறுத்தும் நிலை அடிக்கடி நேர்ந்தால், தாமதம் மிகுதி என்று அறிந்துகொள்ளலாம்.

இறுதியாக, மலிவைக் காட்டிலும் பெரிதாகிய ஒன்றுண்டு. நம் நாட்டிலே 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலும், 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலும் வாட்ஸ்அப், வைபர் முதலியன தற்காலிகமாகத் தடைப்பட்டன. அவை உறவினரின் சுகத்தை அறியத் துடித்த நாள்கள். 2022ஆம் ஆண்டிலே நீண்ட மின்வெட்டுகள் நேர்ந்தபோது வீட்டு இணையக் கருவிகள் அணைந்தன. செயலிகள் வழியே 119, 1990 போன்ற அவசர இலக்கங்களை அழைக்க இயலும் என்று நம்பியிருத்தலும் ஆபத்தானது. ஆகவே, வயது முதிர்ந்தோர் தனித்து வாழும் வீட்டிலே சாதாரணத் தொலைபேசி இணைப்பைச் செலவு கருதித் துண்டித்துவிடாதீர்கள். அவ்விலக்கத்தை அழைக்கத்தக்க சேவையொன்றிலே சிறிதளவு முற்பணத்தை எப்போதும் வைத்திருங்கள். அயலவர் ஒருவரின் இலக்கத்தையும் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கருகே ஒட்டிவையுங்கள். கடலுக்கப்பால் இருக்கும் பிள்ளைகளிடமும் அதனைக் கொடுத்துவையுங்கள்.