கணினிக்குள் கணினி: சுவர் எப்பக்கம் காக்கிறது?

(மொழிபெயர்ப்புத் தோழர்களுக்கான வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற வகுப்பில் இளந்தோழர் ஒருவர் எழுப்பிய வினாவிலிருந்து தொடங்குகிறேன். ‘டெயில்ஸ்’ இயங்குதளத்தை அலுவலகக் கணினியின் விண்டோசுக்குள்ளேயே மெய்நிகர் கணினியாக இயக்கினால் போதாதா, பென்டிரைவைச் செருகிக் கணினியை மீண்டும் தொடங்கும் தொல்லை எதற்கு என்று கேட்டார். நானும் ஓராண்டுக் காலம் அவ்வாறே இயக்கி, கவலையின்றி இருந்தவன்தான்.

டெயில்ஸ், டெபியன் லினக்சின் மீது கட்டப்பட்ட கட்டற்ற மென்பொருள். பென்டிரைவிலிருந்து இயங்கும், வன்தட்டைத் தொடாது, கணினியை அணைத்ததும் அனைத்தையும் மறந்துவிடும். இணையத் தொடர்பு முழுவதும் டோர் வலைப்பின்னல் வழியே செல்லும். 2013இல் அமெரிக்க உளவு ஆவணங்களை எட்வர்ட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்தபோது துணைநின்ற கருவிகளுள் இதுவும் ஒன்று.

மெய்நிகர் கணினி என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளால் எழுப்பப்படும் மற்றொரு கணினி. வெளியிலுள்ள ‘ஹோஸ்ட்’டை நம்மவர் ‘புரவலர்’ என்று பெயர்த்துள்ளனர். அச்சொல் எனக்கு முதலில் உவப்பாக இல்லை; இப்போது மிகப் பொருத்தமென்றே தோன்றுகிறது. புரவலன் மனையில் தங்கிய புலவன் அவனறியாமல் எதை எழுதுவான்? உள்ளிருக்கும் டெயில்சின் திரை, விசைப்பலகை, நினைவகம் யாவும் விண்டோசின் கைவழியாகவே இயங்குகின்றன. நினைவகத்தில் இடம் போதாதபோது விண்டோஸ் அதன் ஒரு பகுதியை வன்தட்டில் எழுதி வைக்கும். மறதி என்னும் தலையாய பண்பே அங்குப் பொய்த்துவிடுகிறது. டெயில்சை உருவாக்கியோரே இதனை எச்சரித்துள்ளனர்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. பீமா கோரேகான் வழக்கில் 2018 ஜூனில் கைதான ரோனா வில்சனின் கணினித் தரவை ஆராய்ந்த ஆர்செனல் கன்சல்டிங் என்னும் அமெரிக்கத் தடயவியல் நிறுவனத்தின் அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளிவந்தது. 2016 ஜூனில், மின்னஞ்சல் வழி வந்த ஒரு கோப்பைத் திறந்தபோது ‘நெட்வயர்’ என்னும் தீநிரல் நுழைந்தது; ஏறத்தாழ 22 மாதங்கள் கணினி வேறொருவர் பிடியில் இருந்தது; வழக்குக்கு அடிப்படையான கடிதங்கள் மறைவான கோப்புறையில் வைக்கப்பட்டன என்கிறது அது. தேசியப் புலனாய்வு முகமை இதனை ஏற்கவில்லை. வில்சனுக்குப் பிணை கிடைத்ததோ 2025 ஜனவரியில்! நெட்வயர் விசையழுத்தங்களையும் பதிவுசெய்ய வல்லது. அத்தகைய கணினிக்குள் டெயில்சை மெய்நிகராக இயக்கிப் பயனென்ன? வேவு பார்ப்பவன் புரவலன் மனையிலேயே அமர்ந்திருக்கிறான்.

அதனால் மெய்நிகர் கணினி வீணென்று பொருளன்று. அதன் சுவர் உள்ளிருப்பதிலிருந்து வெளியைக் காப்பதற்கானது. மொழிபெயர்க்கவென்று நமக்கு நாள்தோறும் வரும் இணைப்புக் கோப்புகளை, இணையம் துண்டித்த மெய்நிகர் கணினிக்குள் திறவுங்கள். தீநிரல் இருப்பினும் பெரும்பாலும் அங்கேயே அடைபடும். (சுவரைத் தாண்டும் ஓட்டைகளும் அரிதாகக் கண்டறியப்பட்டுள்ளன.) மெய்நிகர் கணினிக்கென்றே அமைந்த ‘வோனிக்ஸ்’ இரண்டு கணினிகளாக இயங்கும்: ஒன்று டோர் வாயில், மற்றது பணிமனை. பணிமனை பறிபோனாலும் நமது இணைய முகவரி எளிதில் வெளிப்படாது. ஆயினும் அதற்கும் புரவலர் உண்டு.

உண்மையிலேயே மறைக்க வேண்டியவற்றுக்குப் பென்டிரைவே வழி. 8 ஜிபி போதும். அதனைப் பலரும் புழங்கும் அலுவலகக் கணினியில் தயாரிக்காதீர்கள். டெயில்சிலிருந்தே மற்றொரு டெயில்சைப் படியெடுக்கலாம். வகுப்பு முடிந்தபின் என் மடிக்கணினியுடன் இங்கேயே இருப்பேன். வெற்றுப் பென்டிரைவ் கொண்டுவந்துள்ள தோழர்கள் வரலாம்.