போத்தலில் அடைக்குமுன்

பிரித்தானியாவில் 1880ஆம் ஆண்டு தொட்டு வீட்டிற் பியர் காய்ச்சுவோருக்கு அனுமதிப் பத்திரம் வேண்டியிருந்தது. 1963இல் நிதி மந்திரி ரெஜினால்ட் மோட்லிங் அந்த விதியை நீக்கினார். சட்டம் வழிவிட்டாலும் மதுவம் எளிதில் வழிவிடுவதில்லை.

அடுக்களையில் ஒரு கலன், அதாவது ஏறத்தாழ நாலரை லீற்றர், காய்ச்சிப் பார்க்கும் புதியவரின் முதற் கவலை குமிழி நின்றுபோவதாகும். மதுவம் இறந்துவிட்டதென்று அவர் அஞ்சுகிறார். பெரும்பாலும் அவ்வாறில்லை. மூடி பொருந்தாவிடின் காபனீரொட்சைட்டு வேறு வழியால் வெளியேறும். அறை குளிர்ந்தால் மதுவம் உறங்கும். 18 முதல் 20 பாகை சதமவளவை வெப்பமுள்ள இடத்துக்கு ஜாடியை மாற்றி மெல்ல அசைத்தால் அது விழித்தெழுவதுண்டு. காய்ச்சிய சாறு ஆறுமுன் பொறுமையிழந்து மதுவத்தை இட்டவருக்கோ இந்த ஆறுதல் இல்லை. அது வெந்தே போயிருக்கும்.

கண்ணை நம்புவதிலும் நீரமானியை நம்புவது மேல். தொடக்கத்தில் 1040 காட்டியது 1010 அளவுக்கு இறங்கி, மூன்று நாள் அசையாது நின்றால் நொதித்தல் முடிந்தது எனலாம். இறங்கிக்கொண்டிருக்கும்போதே போத்தலில் அடைத்து மூடியை இறுக்கினால், எஞ்சிய சீனியை மதுவம் உள்ளிருந்தே உண்ணும், வாயுவுக்குப் போக்கிடமில்லை, போத்தல் வெடிக்கும். பறக்கும் கண்ணாடித் துண்டு கண்ணையே பறித்துவிடலாம்.

புளிப்பு நேர்ந்தாலோ, குற்றத்தைச் சரிவரக் கழுவாத குழாயிலும் ஜாடியிலும் தேடவேண்டும். வேற்று நுண்ணுயிர்கள் பியரைக் கெடுக்கும் விதத்தை லூயி பாஸ்டர் 1876இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். புளித்ததைத் திருத்த வழியில்லை. கொட்டிவிட்டு, ஜாடியைத் துப்புரவாக்கி, மறுபடி அடுப்பை மூட்டவேண்டியதுதான்.