திருப்பி அனுப்ப வேண்டிய மட்டை

1990இல் யுத்தத்துக்கு அஞ்சிக் கடல் கடந்த என் அக்கா, தமிழ்நாட்டில் மண்டபம் முகாமில் இருந்தார். வங்காலையில் இருந்த அம்மாவுக்கு எழுத்து வராது. கொப்பி மட்டையொன்றில் சவர்க்கார உறை, அறுந்த வலைத்துண்டு, புனித ஆனாள் கோயில் திருநாள் அறிவித்தல் என்று கிடைத்ததையெல்லாம் கோதுமைமாப் பசையால் ஒட்டினார். கொழும்புக்குப் போனவரிடம் கொடுத்து அங்கே தபாலில் சேர்ப்பித்தோம்.

அக்கா அதே மட்டையில் தன் சேலைக்கரைத் துணுக்கொன்றை ஒட்டித் திருப்பி அனுப்பினார்.

நியூயோர்க் ஓவியர் ரே ஜோன்சனும் (1927–1995) ஒட்டுப்படங்களைத் தபாலில் அனுப்பி, ஏதாவது சேர்த்துத் திருப்பி அனுப்பும்படி கேட்டவர்தான். அதைத் தபால் கலை என்கிறார்கள். நம்மவரான ஓவியர் தா. சனாதனன், வீடுகளிலிருந்து திரட்டிய அன்றாடப் பொருள்களை 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் காட்சிக்கு வைத்தார். ஏடுகள் எழுதாத வரலாற்றை இத்தகைய துண்டுகள் வைத்திருக்கின்றன.

அம்மா இன்றில்லை. அக்கா திரும்பி வரவுமில்லை. மட்டையில் ஒரு மூலை வெறுமையாக இருக்கிறது. எங்கள் வளவில் பொறுக்கிய உடைந்த ஓட்டுத்துண்டு கையில் இருக்கிறது. ஒட்டினால் அக்கா அழுவார். ஒட்டாமல் அனுப்பினால் அது பொய்க்கடிதம்.

அம்மா ஒருபோதும் பொய் ஒட்டியதில்லை. பசை காய்ச்சிவிட்டேன்.