முதலில் தோட்டத்தைப் பாருங்கள்



பிளஸ் டூ மதிப்பெண் கைக்கு வந்ததும் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: எந்தக் கல்லூரி? தோட்டக்கலை படிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இன்று ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். கல்லூரிக் கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் தோட்டத்தைப் பாருங்கள்.

மாவில் ஒட்டுக் கட்டுவதையே எடுத்துக்கொள்வோம். வேர்ச்செடியின் நுனியை வெட்டிவிட்டு, இளந்தண்டை நடுவில் பிளக்க வேண்டும். தாய்மரத்துக் குச்சியை ஆப்புப் போல இருபுறமும் சீவி, அந்தப் பிளவில் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். பட்டையோடு பட்டை பொருந்தாவிட்டால் குச்சி காய்ந்துபோகும். பொருந்திவிட்டால் சில வாரங்களில் செம்பு நிறத்தில் தளிர் எட்டிப் பார்க்கும். கரும்பலகையில் இதை அரை மணி நேரத்தில் விளக்கிவிடலாம். கைக்குப் பழக வேண்டுமானால் செடி செடியாகக் கட்டித்தான் ஆக வேண்டும். அதற்கு நாற்றங்கால் வேண்டும், தாய்மரங்கள் வேண்டும். மாணவர் கையில் கத்தியைக் கொடுத்துப் பக்கத்தில் நிற்கும் ஆசிரியரும் வேண்டும்.

அடுத்து, கல்லூரி இருக்கும் இடம். தேனி மாவட்டம் பெரியகுளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. சுற்றிலும் மா, வாழை, திராட்சை என்று பழம் விளையும் பூமி. மலையேறினால் காபி, மிளகு, ஏலக்காய். இன்று ஊரெங்கும் பயிராகும் பி.கே.எம்.1 செடிமுருங்கை பெரியகுளத்தில் உருவானதுதான். பெயரிலுள்ள மூன்று எழுத்தும் அந்த ஊரையே குறிக்கின்றன. கோயம்புத்தூரில் உருவான பப்பாளி ரகங்கள் 'கோ' என்ற எழுத்தோடு வருவதும் அப்படித்தான். ஒரு ரகம் பிறந்த வயலில் நின்று பாடம் கேட்பது எவ்வளவு பெரிய வாய்ப்பு! திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் பெண்களுக்கென்றே ஒரு தோட்டக்கலைக் கல்லூரி உண்டு. களர் நிலம் உள்ள பகுதி அது. களர் மண்ணில் எது வரும், எது வராது என்பதைக் கண்ணால் பார்த்துக் கற்றவருக்கு, நாளை அப்படிப்பட்ட நிலத்தோடு வரும் விவசாயிக்கு வழி சொல்லத் தெரியும்.

தனியார் கல்லூரியானால் இன்னும் கவனம் தேவை. எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் உண்டா என்று கேட்டு, சான்றைக் கண்ணால் பாருங்கள். மேற்படிப்புக்குப் போகும்போது இந்தக் கேள்வி கட்டாயம் எழும். கிராமத்தில் விவசாயிகளோடு தங்கிப் பயிலும் பருவத்தை எந்த ஊரில், எப்படி நடத்துகிறார்கள் என்றும் விசாரியுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வேறு இடம் கிடைக்கவில்லையே என்று பிள்ளையைத் தோட்டக்கலைக்குத் தள்ளாதீர்கள். அரசுத் துறையில் தோட்டக்கலை அலுவலர், வங்கியில் வேளாண் அதிகாரி, சொந்தமாக நாற்றுப்பண்ணை என்று வழிகள் பல உண்டு. ஆனால் அதிகாலையில் பூப்பறிக்கவும் வெயிலில் கவாத்து செய்யவும் மனம் வர வேண்டும். அந்த மனம் இருக்கிறதா என்று பிள்ளையிடமே கேளுங்கள்.

விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் முன் ஒரு நாள் ஒதுக்கி, பிள்ளையோடு அந்தக் கல்லூரிக்குப் போய் வாருங்கள். அனுமதி கேட்டு நாற்றங்கால் வரை நடந்து செல்லுங்கள். அங்கே குனிந்து வேலை செய்யும் மாணவரிடம், "இந்தச் செடியை யார் கட்டியது?" என்று கேளுங்கள். "நான்தான்" என்று அவர் சொன்னால், அந்தக் கல்லூரியின் பெயரைத் தயங்காமல் மேலே எழுதுங்கள்.