பல்கலைக்கழகத்தை நடத்தும் தொழில்



பல்கலைக்கழகத்தின் உயர் நிருவாகிகளுக்கு வேண்டிய தொழிற்றிறன்கள் எவை என்று பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். அலுவலக வாசலில் விண்ணப்பத்தோடு நிற்கும் மாணவனுக்கு இப்பொருளைத் தந்தது பொருத்தமே.

பெரிய வித்துவான் என்றால் பெரிய நிருவாகியாகவும் விளங்குவார் என்று நம்மவர் எண்ணுவதுண்டு. அப்படியன்று. 1978ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி கல்விக்கும் நிருவாகத்துக்கும் துணைவேந்தரே முதன்மை அலுவலர். பேரவைக்கும் மூதவைக்கும் அவரே தலைவர். கணக்குக்கும் அவரே பொறுப்பு. இலக்கியமோ இரசாயனமோ கற்று உயர்ந்தவருக்கு வரவுசெலவுக் கணக்கை வாசிக்க யார் கற்பித்தார்கள்? பதிவாளரும் நிதியாளரும் பக்கத்தில் இருப்பார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் நீட்டும் தாளைப் பார்த்து என்ன கேள்வி கேட்பது என்று அறியாதவர் வெறுமனே கையொப்பம் இடுபவராகவே முடிவார்.

சேர் ஐவர் ஜெனிங்ஸ் சட்ட அறிஞர். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். கொழும்பில் தொடங்கியதைப் பேராதனைக்குக் கொண்டுசெல்லப் பத்தாண்டு சென்றது. 1952இல்தான் அது கைகூடியது. இடையே உலக யுத்தம் வேறு. நிலம், கட்டடம், தண்ணீர், பணம் என்று ஒவ்வொன்றுக்கும் அரசாங்கத்தோடு மல்லுக்கட்டுவது சட்டப் புத்தகத்தால் மட்டும் ஆகிற காரியமா?

1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராய் வந்தவர் பேராசிரியர் க. கைலாசபதி; முன்னர் தினகரன் ஆசிரியராக இருந்தவர். பத்திரிகைக் காரியாலயத்தில் 'நாளைக்குப் பார்ப்போம்' என்ற பேச்சுக்கு இடமில்லை. அச்சு யந்திரம் காத்திராது. அந்தப் பழக்கம் ஒரு புதிய வளாகத்துக்குப் பெரிதும் உதவியிருக்கும் என்பது என் எண்ணம்.

ஏனெனில் தாமதம் சிறு குற்றமன்று. எனக்குத் தெரிந்த ஓர் அண்ணரின் பெறுபேற்றுப் பத்திரம் மூன்று மாதம் மேசை மேசையாக ஏறி இறங்கியது. அதற்குள் அவர் கேட்டிருந்த உத்தியோகத்துக்கு விண்ணப்ப முடிவுத் திகதி கடந்துவிட்டது. தகப்பனை இழந்த குடும்பம். கீழே இரண்டு தங்கைமார். அங்கே ஒருவரும் கெட்டவரல்லர். அந்தத் தாள் இன்று எந்த மேசையில் கிடக்கிறது என்று கேட்பதற்குத்தான் ஆளில்லை. அதைக் கேட்பது மேலதிகாரியின் தொழில்.

கூட்டம் நடத்துவதும் ஒரு திறன்தான். நாலு பேராசிரியர் நாலு திசையில் இழுக்கும்போது, எல்லாரையும் பேசவிட்டு, இருட்டுமுன் ஒரு தீர்மானத்தை எழுத்தில் கொண்டுவர வேண்டும். மாணவர் கூச்சலிடும்போது மாடியிலிருந்து அறிக்கை விடாமல் இறங்கிவந்து கேட்கவும் பொறுமை வேண்டும். (கூச்சலிடுகிற எங்களுக்கும் கேட்கும் பழக்கம் சற்றுக் குறைவு என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.)

பீடாதிபதியைப் பீடச் சபை தெரிவுசெய்கிறது. நேற்றுவரை விரிவுரை செய்தவருக்கு முன்னால் இன்று கோப்புகள் குவிகின்றன. பதவி ஏற்குமுன் கணக்கும் சட்டவிதியும் அவருக்கு முறையாகப் பயிற்றுவிக்கப்பட வேண்டும்.

இச்சபையில் எழுதுவினைஞராகவும் கணக்காளராகவும் கடமையாற்றி இளைப்பாறிய பெரியோர் பலர் இருக்கிறீர்கள். ஒரு கோப்பு எங்கே தங்குகிறது, எப்படி நகர்கிறது என்பதை ஒரு மாலைப்பொழுது எங்களுக்குச் சொல்லித்தர வேண்டுகிறேன். நாட்குறிப்புப் புத்தகத்தோடு வருகிறோம்.